அந்த நைலான் கயிறு என் வீட்டுடையது

மறைமலைநகர் குடியிருப்போர் நலச் சங்கங்களைச் சேர்ந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டைத் தட்டி, "டீச்சர், கயிறு ஏதாச்சும் இருக்கா?" என்றார். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. வண்டியில் ஏதோ சாமான் கட்டப் போகிறார்கள் என்று நினைத்து, மொட்டை மாடியில் துணி காயப்போடும் நீல நைலான் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டேன். அரை மணி கழித்து வாட்ஸ்அப் குரூப்பில் படம் வந்தபோதுதான் கயிறு எங்கே போயிற்று என்று தெரிந்தது. மின்கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒரு பையன். நான் கழற்ற மறந்த சிவப்புத் துணி கிளிப் ஒன்று அவன் முழங்கைக்குப் பக்கத்தில் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். இருபது பேருக்கு மேல் கூடியிருந்தீர்கள். தலையைக் குனிந்திருந்தவன் நான் கிட்டே போனதும் நிமிர்ந்து பார்த்து "மிஸ்" என்றான். ஆறாவதிலும் ஏழாவதிலும் என்னிடம் கணக்குப் படித்தவன். உதடு கிழிந்திருந்தது. காலடியில் ஒரு டாடா ஏஸ் வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரி, அதன் மேல் பத்தாம் நம்பர் ஸ்பேனர். அவிழ்த்து உட்கார வையுங்கள் என்றேன். "அவிழ்த்தா ஓடிருவான் டீச்சர், போலீஸ் வரட்டும்" என்றார் ஒருவர். போலீஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை நான் செய்ததெல்லாம் அவன் வாயில் ஒரு டம்ளர் தண்ணீர் புகட்டியதுதான். கயிறு என்னுடையது, என் கயிற்றை நானே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக நினைத்து இதை எழுதவில்லை.

போன வாரக் கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்துக்காக எழுதுகிறேன். அந்தக் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் ஓனரைப் பார்த்துப் பேசி, மாதக் கடைசிக்குள் அவர்களைக் காலி செய்ய வைப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அன்று நான் ஊரில் இல்லை. இருந்திருந்தாலும் எழுந்து பேசியிருப்பேனா என்பது சந்தேகம்தான். எனக்குக் கரும்பலகை முன்னால் வரும் தைரியம் கூட்டத்தில் வராது.

முதலில் அந்தப் படத்தை உங்கள் போன்களிலிருந்து அழித்துவிடுங்கள். பையனின் பெயர், தெரு, பள்ளி எதையும் இந்த மடலில் நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானும் குற்றவாளி. 18 வயது நிரம்பாத பிள்ளை ஒரு வழக்கில் சம்பந்தப்பட்டால், அவனை அடையாளம் காட்டும் எதையும் எந்த வழியிலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கணக்கு டீச்சர் என்பதால் சொல்கிறேன், அந்தப் பேட்டரியைக் காட்டிலும் அந்தப் படம் விலை கூடியது. அதற்குக் கைதட்டல் பொம்மை போட்டவர்களில் இரண்டு பேர் வக்கீல்கள்.

இனி அவன் கதை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது.

அம்மாவுக்கு மருந்து வாங்கத்தான் எடுத்தான் என்று எழுதினால் உங்கள் மனசு இளகும். சினிமாவில் அப்படித்தான் வரும். அவன் எடுத்தது போனுக்கு டிஸ்ப்ளே மாற்ற. 1,400 ரூபாய். கீழே விழுந்து பாதித் திரை கறுத்துப் போயிருந்தது. அந்தப் போனில் அவன் கேம் விளையாடுவான், ரீல்ஸ் பார்ப்பான், எல்லாம் உண்மை. கேட்டரிங் ஆட்கள் "இன்னிக்கு நைட்டு மண்டபத்துல வேலை, நாலு பேர் வேணும்" என்று கூப்பிடுவதும் அதே போனில்தான். பந்தி பரிமாறினால் ஒரு ராத்திரிக்கு 400 ரூபாய். போன் போனால் அந்த வேலையும் போச்சு.

பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தவறிவிட்டான். அதில் ஒன்று கணக்கு. அந்தப் பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு. துணைத்தேர்வு எழுதவில்லை. ஏனென்று கேட்டதற்கு, அந்த வாரம் தண்ணீர் கேன் போடும் வேலை கிடைத்தது என்றான். அப்பா பெயின்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டது. அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார், பல நாள் நிதானத்தில் இருப்பதில்லை. அம்மா ஒரு அடுக்குமாடியில் ஹவுஸ்கீப்பிங், சாயங்காலம் இரண்டு வீட்டில் பாத்திரம். எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய். வாடகை 5,000. சுயஉதவிக் குழுக் கடனுக்கு வாரத் தவணை 900. கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள்.

இந்தக் கணக்கில் பட்டினி இல்லை, கவனித்தீர்களா? ரேஷன் அரிசி வருகிறது, தம்பி தங்கை பள்ளியில் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் வறுமை வயிற்றில் தெரிவதில்லை. திடீரென்று ஒரு 1,400 ரூபாய் தேவைப்படும்போது கைமாற்று கேட்க ஆள் இல்லை என்பதில் தெரிகிறது. என் பேரன் போனை உடைத்தபோது என் மருமகன் இரண்டு திட்டு திட்டிவிட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இந்தப் பையனுக்கு அந்தத் தொகையைக் கொடுக்கத் தயாராக இருந்த ஒரே பெரிய மனிதர் காயலான் கடைக்காரர். "முதல்ல இந்தா 500, பேட்டரி எதுனா மாட்டுனா கொண்டா, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர் பெயரை நம் குரூப்பில் யாரும் போடவில்லை. அவரைக் கட்டவும் யாரும் கயிறு தேடவில்லை. குழந்தையைச் சட்டவிரோதமான காரியத்துக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு அதே சட்டத்தின் 83-ஆவது பிரிவு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. பொட்டலம் கடத்த, சாராயம் விற்கப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு 78-ஆவது பிரிவு தனி. சின்னப் பையன் மாட்டினால் லேசாக விட்டுவிடுவார்கள் என்பது இந்தப் பெரியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஈயம் கிலோ என்ன விலை போகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுபோல, பையனுக்கு எத்தனை வயது என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி கேட்டில் நிற்கும் கான்ட்ராக்ட் ஏஜென்டுக்கும் வயது தெரியவேண்டும். இவன் போய்க் கேட்டிருக்கிறான். ஆதாரைப் பார்த்து "பதினெட்டு முடிஞ்சு வா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பெரியப்பா மகனின் ஆதார் நகலைக் காட்டி, ஒரு பட்டறையில் இருபத்தாறு நாள் வேலை பார்த்திருக்கிறான். சம்பள நாளில் குட்டு உடைந்தது. வெளியே அனுப்பினார்கள், காசு கொடுக்கவில்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? பொய் ஆதார் காட்டியவன் இவன். அந்த இருபத்தாறு நாள் கூலியைத் திருட்டு என்று எந்தக் குரூப்பிலும் யாரும் எழுதவில்லை.

இந்த 14-க்கும் 18-க்கும் நடுவிலுள்ள நாலு வருஷத்தைப் பற்றி வகுப்பறையில் இருந்தபோதே எனக்கு ஒரு பயம் உண்டு. கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதில் கையைப் பிடித்து 14-இல் விட்டுவிடுகிறது. காலை உணவு ஐந்தாவதோடு முடிகிறது. சத்துணவுத் தட்டு பத்தாவது வரை வரும், பதினொன்றில் வராது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாக வேலை கூடாது என்கிறது. 14 முதல் 18 வரை அபாயமான தொழில் மட்டும் கூடாது. ஆனால் முறையான கம்பெனி எதுவும் 18-க்குக் கீழே வாசலிலேயே சேர்ப்பதில்லை. ஆக, பத்தாவதில் தவறிய பையனுக்குப் படிப்பும் இல்லை, சம்பளச் சீட்டு தரும் வேலையும் இல்லை. அந்த நாலு வருஷத்தில் அவனுக்குச் சோறு போடுகிறவன் எவனோ அவன்தான் அவனை வளர்க்கிறான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எந்த வருஷத்துக்கு எடுத்துப் பார்த்தாலும், பிடிபடும் சிறுவர்களில் பெரும்பகுதி 16 முதல் 18 வயதுக்காரர்கள்தான்.

காப்பகத்தின் 2013-ஆம் வருஷத்து அறிக்கையில் இன்னொரு அட்டவணை இருந்தது. அந்த வருஷம் பிடிபட்ட சிறுவர்களில் பாதிப் பேரின் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 25,000 ரூபாய்க்குள். மாதத்துக்கு வகுத்தால் 2,083 ரூபாய். அதே அறிக்கையில், ஐந்தில் நாலு பேர் பெற்றோருடன் வசித்தவர்கள். அநாதைகள், ரோட்டில் திரிகிறவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அப்படி இல்லை. அம்மா அப்பா உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான். சில வருஷம் கழித்து வந்த அறிக்கைகளில் வருமான அட்டவணை காணாமல் போய்விட்டது. கணக்கு டீச்சராக எனக்கு அதில் வருத்தம். ஒரு கணக்கின் விடை பிடிக்கவில்லை என்றால் கேள்வியையே அழித்துவிடுவது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அது பிடிபட்டவர்களின் கணக்கு. செய்தவர்களின் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதற்கு நம் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் உங்களில் ஒரு பெரியவர் குரூப்பில் எழுதிய வரி. "நானும் ஏழைதான். எங்கப்பா மூட்டை தூக்கினார். நான் திருடலையே?" நியாயமான கேள்வி. ஏழைப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருடுவதில்லை. முப்பது வருஷம் அந்தப் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன். ஏழ்மைதான் திருடனாக்குகிறது என்று சொன்னால் அந்தத் தொண்ணூற்றொன்பது பேரையும் அவமானப்படுத்தியதாக ஆகும். ஆனால் ஐயா, நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். சிறுவயதில் கோயில் உண்டியலில் குச்சி விட்டுக் காசு எடுத்து, பூசாரியிடம் மாட்டி, அவர் காதைத் திருகி உங்கள் தாத்தாவிடம் கொண்டுபோய் விட்டார் என்று. சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள். அந்தப் பூசாரி வேறு மாதிரி ஆளாக இருந்து, அன்று ஊரில் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்திருந்தால்? உங்கள் தாத்தாவைப் பூசாரிக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பையனின் தாத்தா திருவண்ணாமலைப் பக்கம் ஏதோ ஊரில் இருக்கிறார். இங்கே அவனைத் தெரிந்தவர் காயலான் கடைக்காரர் ஒருவர்தான்.

இப்போது நம் தெரு. போன வருஷம் பொங்கல் சமயம் நம்மில் ஒருவருடைய மகன், 15 வயது, அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு போய், பால் வாங்க வந்த பாட்டியை இடித்துத் தள்ளினான். பாட்டிக்கு மணிக்கட்டு முறிந்தது. லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட் இல்லை, பின்னால் இரண்டு பேர். அன்று சாயங்காலமே பெரியவர்கள் உட்கார்ந்து பேசி 25,000 ரூபாய் கொடுத்து முடித்தோம். முடித்தோம் என்று சொல்கிறேன், நானும் அந்தப் பேச்சில் இருந்தேன். "சின்னப் பையன், விடுங்க" என்று சொன்னது நாம்தான். அந்தத் தம்பி இன்று ஒழுங்காகப் படிக்கிறான், பார்க்கும்போது வணக்கம் சொல்கிறான். அன்று நாம் செய்தது தப்பு என்று சொல்லவில்லை. சரியாகத்தான் செய்தோம், அந்தப் பாட்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்திருக்கலாம் என்பதைத் தவிர. ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது. ஒருவன் சின்னப் பையன், இன்னொருவன் திருட்டுப்பயல். நடுவிலுள்ளது 25,000 ரூபாய்.

புனேயில் 2024 மே மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய பில்டர் வீட்டுப் பிள்ளை, 17 வயது, போர்ஷே காரை ஏற்றி இரண்டு இளம் இன்ஜினியர்களைக் கொன்றான். அன்றே ஜாமீன். விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்று நிபந்தனை. நாடே கொதித்தது. நம் குரூப்பிலும் கொதித்தோம். பிறகு அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள், அதன்பின் பம்பாய் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. பணத்தால் அந்த வழக்கில் என்னென்ன நடந்தது என்பது வேறு விஷயம். ஆனால் ஜாமீன் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதியிருக்கிறது. பணக்காரப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டதே என்று கோபப்பட்ட நாம், பணமில்லாத பிள்ளைகளுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று ஒருநாளாவது கேட்டோமா?

அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு எளிமையானது. எந்தக் குற்றமானாலும், பிள்ளையை ஜாமீனில் விடவேண்டும். ஜாமீன்தாரர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அல்லது நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில், அல்லது தகுதியுள்ள நபர் ஒருவரின் பொறுப்பில் விடலாம். விட்டால் கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதிக்குப் பங்கம் வரும் என்று இளைஞர் நீதிக் குழுமம் நினைத்தால் மட்டும் மறுக்கலாம். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்த மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவரவேண்டும். சின்னக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணி பற்றி ஒரு படிவம் நிரப்பினால் போதும் என்கின்றன 2016-ஆம் வருஷத்து விதிகள். விசாரணையை நாலு மாதத்தில் முடிக்கவேண்டும். எழுதியவர்கள் பிள்ளை பெற்றவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் எழுதியிருப்பது ஒன்று, நடப்பது வேறு. பல வருஷத்துக்கு முன் வேறொரு மாவட்டத்தில் வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பையன் சைக்கிள் எடுத்து மாட்டினான். ஆள் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போங்கள் என்றார்கள். அப்பா அம்மா செங்கல் சூளையில், இரண்டு மாவட்டம் தள்ளி. முன்பணம் வாங்கிவிட்டதால் முதலாளி விடவில்லை. சித்தப்பாவுக்கு ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிள் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டது. பையன் வீடு திரும்ப 47 நாள். நான் அவனுடைய வகுப்பாசிரியை. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பள்ளி நாளும் 'வரவில்லை' என்று குறித்தேன், பிறகு 'நீண்ட நாள் வராதவர்' என்று சிவப்பு மையில் எழுதினேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட எனக்குத் தோன்றவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது சட்டத்தைப் படிக்கும்போது தெரிகிறது. திரும்பி வந்தவன் பள்ளிக்கு வரவில்லை. பிறகு கேள்விப்பட்டதெல்லாம் நல்ல செய்தி இல்லை.

"ரெண்டு வருஷம் சீர்திருத்தப் பள்ளியில போட்டா சரியாயிடுவான்" என்றும் எழுதினீர்கள். அந்த இடம் நமக்கு ஒன்றும் தூரமில்லை. சிங்கப்பெருமாள் கோவில், பரனூர், அப்புறம் ஜன்னலோரம் கொளவாய் ஏரி வரும், செங்கல்பட்டு. மூன்றாவது ஸ்டேஷன். 1876-இல், அதாவது நம் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் பிறந்த அதே வருஷம், வெள்ளைக்காரன் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் கொண்டுவந்தான். அதன்படி 1887-இல் செங்கல்பட்டில் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பெரியவர்களோடு ஜெயிலில் அடைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். 1920-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டதும் சென்னை மாகாணம்தான். பெருமைப்படலாம்.

அதே செங்கல்பட்டில் உள்ள சிறுவர் இல்லத்துக்கு 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்துப் பையன் ஒருவனை அனுப்பினார்கள். 17 வயது. ரயில்வே பேட்டரி திருடியதாக வழக்கு. டிசம்பர் 31-ஆம் தேதி இறந்துபோனான். உடலில் காயங்கள் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. சந்தேக மரணம் என்று பதிவானது கொலை வழக்காக மாறியது. இல்லத்தின் கண்காணிப்பாளர் உட்பட ஊழியர்கள் 6 பேர் கைதானார்கள். அதன்பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்து, இந்த இல்லங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரச் சொன்னது. அவரும் தந்தார்.

பேட்டரி. நம் பையன் எடுத்ததும் பேட்டரிதான். அந்தச் செய்தி வந்த நாட்களில் நாம் எல்லாரும் "ஐயோ பாவம்" என்று எழுதினோம். பழைய மெசேஜ்கள் என் போனில் இன்னும் இருக்கின்றன, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

எல்லா இல்லத்திலும் அடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் அப்படியொரு இல்லத்தில் பாடம் எடுக்கப் போவார். அங்கே பையன்கள் எல்லாவற்றையும்விட வேகமாக மனப்பாடம் செய்வது ஒருவர் போன் நம்பரை ஒருவர் என்பார். பேட்டரி எடுத்தவன் செயின் அறுத்தவனோடு ஒரே வரிசையில் சாப்பிட உட்காருகிறான். வெளியே அவனுக்குத் தெரிந்தது ஒரு காயலான் கடைதான். உள்ளே பத்துக் கடை அறிமுகமாகும்.

நம் பையனை அப்படி அனுப்பவில்லை. அன்றே குழுமத்தின் முன் நிறுத்தினார்கள், அம்மாவோடு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்குக் கோபம் என்று தெரிகிறது. இப்போது விசாரணை நடக்கிறது, வாய்தாவுக்குப் போய்வரவேண்டும். ஒரு வாய்தாவுக்கு அந்த அம்மாவுக்கு ஆகும் செலவை நான் கூட்டிப் பார்த்தேன். அடுக்குமாடியில் ஒரு நாள் சம்பளப் பிடித்தம் 350. சாயங்கால வீடுகளில் ஒன்று ஏற்கனவே 'வேற ஆள் பார்த்துக்கறோம்' என்று சொல்லிவிட்டது, அது மாதம் 2,000. இரண்டு பேருக்கு ரயில், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ, ஜெராக்ஸ், டீ. நாள் சம்பளமும் போக்குவரத்தும் ஒவ்வொரு தடவையும் போகும். அம்மா ஒரு வாய்தா தவறினால் என்ன எழுதுவார்கள்? 'பெற்றோர் அக்கறை காட்டவில்லை' என்று.

இதற்கு மேல் நீங்கள் வீட்டையும் காலி செய்ய வைத்தால்? நன்னடத்தை அலுவலர் வந்து பார்க்கும்போது விலாசம் இருக்காது. இந்த ஊரில் திடீரென்று 5,000 ரூபாய்க்கு வீடு கிடைக்குமா, அட்வான்ஸ் யார் கொடுப்பார்? ஏரிக்கரைப் பக்கம் ஏதாவது ஒரு தகரக் கொட்டகைக்குப் போவார்கள். காயலான் கடை இருப்பதும் அந்தப் பக்கம்தான். 'விட்டால் கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிடுவான்' என்று சட்டம் சொன்ன காரணத்தை நாமே தயார் செய்து கொடுத்ததாக ஆகும். தம்பி தங்கை பள்ளி மாறவேண்டும், இல்லையென்றால் நிற்கவேண்டும். அந்தத் தம்பிக்கு 12 வயது. இன்னும் இரண்டு வருஷத்தில் அவனுக்கு 14.

நம் ஊரில் என்.எச். 1, என்.எச். 2 என்று பகுதிகளுக்குப் பெயர். ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில் இருப்பதால் நேஷனல் ஹைவே என்று கூரியர்காரர்கள் இன்னமும் நினைத்துக்கொண்டு ரோட்டிலேயே நின்று போன் செய்கிறார்கள். அது நெய்பர்ஹுட், அக்கம்பக்கம் என்று நாம்தான் விளக்கவேண்டியிருக்கிறது. பேரமனூரும் நின்னக்கரையும் சட்டமங்கலமும் ஊர்களாக இருந்த இடத்தில் தாளில் கோடு போட்டு எழுப்பிய நகரம் இது. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள், கம்பெனியை நம்பி வந்தவர்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்தபோது, டீக்கடை முதல் வாடகை வேன் வரை எத்தனை வீட்டில் அடுப்பு யோசித்து எரிந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. அன்று நம்மில் சிலருக்கு மூன்று நாலு மாத வாடகையைப் பொறுத்துக்கொண்ட ஓனர்கள் இதே தெருக்களில் இருக்கிறார்கள்.

டாடா ஏஸ்காரரை நான் மறக்கவில்லை. அவரும் தவணை கட்டுகிறவர்தான். அன்று காலை சவாரி போச்சு, பேட்டரி ஒயர் அறுந்தது, எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய் செலவு என்றார். அதைப் பையன் கட்டவேண்டும் என்பது என் கட்சி. மாதம் 200 வீதம் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறான். முதல் 200-ஐ 10-ஆம் தேதி கொண்டுவந்து கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு, ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "கிளீனர் வேலைக்கு வரியாடா?" என்று கேட்டாராம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ், வயது என்று ஏதோ சிக்கல், நடக்குமா தெரியாது. சங்கம் தீர்மானம் போடுவதற்கு முன்னால் நஷ்டப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் கேட்பது மூன்று. தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கள். கணக்கைத் துணைத்தேர்வுக்கு நான் சொல்லித்தருகிறேன். அவன் தவறிய இன்னொரு பாடமான அறிவியலுக்கு யாராவது வேண்டும், உங்களில் ரிட்டயர்டு ஆனவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், வாக்கிங் முடிந்து ஒரு மணி நேரம். மூன்றாவது, அடுத்த வாய்தாவுக்கு என்னோடு வாருங்கள். தகுதியுள்ள நபர் என்று சட்டம் சொல்கிறதே, அதற்கு எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எனக்கு வயது 66, தனியாக இருக்கிறேன். ஒற்றைக் கிழவியின் கையெழுத்தைவிட ஒரு சங்கத்தின் லெட்டர்பேடுக்கு மதிப்பு அதிகம். அந்த லெட்டர்பேடில் இதுவரை தெருவிளக்கு, குப்பை, நாய் மூன்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறோம்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழுமத்தின் முன் இருக்கவேண்டும். காரெல்லாம் வேண்டாம், எட்டரைக்கு மேல் வரும் செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் போதும், அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்கும். நம் மறைமலைநகர் காமராஜர் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நிற்பேன். பையனும் அவன் அம்மாவும் அங்கேயே வந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த நீலக் கயிறு யாரிடம் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரமாகத் துணியெல்லாம் கைப்பிடிச் சுவரில்தான் காய்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தெரு கணக்கு டீச்சர்